பட்டியலில் இல்லாத புகார்

உட்காருங்கம்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதுல உட்காருங்க. டி.சி. தானே? தர்றேன். தரமாட்டேன்னு யார் சொன்னது? பெத்தவங்க கேட்டா டி.சி. கொடுத்துத்தான் ஆகணும், அது உங்க உரிமை. கனிஷ்காவைத் தெரியாம இருக்குமா? ரெட்டைப் பின்னல், கேள்வி கேட்டா கூரையைப் பார்க்கும். பதினோரு நாளா வரலை. காய்ச்சலா இருக்கும்னு நினைச்சுட்டோம். இப்ப உங்க விண்ணப்பத்தைக் கையில வாங்கினதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. இந்தக் கையெழுத்தைத்தான் நான் இருபது நாளாத் தேடிக்கிட்டு இருக்கேன்.

பயப்படாதீங்கம்மா. நல்ல விதமாத்தான் தேடினேன்.

கம்பெனியில ஒரு மணி நேரம்தான் பர்மிஷனா? போதும். அஞ்சு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க. கேட்டுட்டு, அப்பவும் டி.சி. வேணும்னா எழுதிக் கொடுத்துடறேன். ஆனா கேக்காமப் போனா எனக்கு மனசு ஆறாது. முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ல, கோவிச்சுக்கிட்டு யாரும் என்கிட்ட டி.சி. வாங்கினதில்லை. ஊர் மாறிப் போனவங்க உண்டு. கோவிச்சுக்கிட்டு, இல்லை.

என்னம்மா? வகுப்பு விஷயமா? அதுக்கு வர்றேன். முதல்ல, நீங்க போட்ட லெட்டருக்கு ஏன் பதில் வரலைன்னு சொல்லணும் இல்லையா? அதைப் போலின்னு நினைச்சுட்டோம். கோவப்படாதீங்க. ஏன் போலின்னு நினைச்சோம்னு கேட்டீங்கன்னா நீங்களே சரிதான்னு சொல்லுவீங்க.

ஜூன் மாசம் தலைமை ஆசிரியர்களை எல்லாம் ரெண்டு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டாங்க. பள்ளியில ஒரு மாற்றம் கொண்டுவரணும்னா முதல்ல பெற்றோர்கிட்ட நம்பிக்கையை வளர்க்கணும், விஷயத்தைத் தெளிவாச் சொல்லணும். அதுதான் தலைப்பு. நல்ல தலைப்பு. ஒரு விளையாட்டு வெச்சாங்க. கண்ணை மூடிக்கிட்டு அப்படியே பின்னாடி சாயணும், பின்னாடி நிக்கறவர் நம்மளைப் பிடிச்சுக்குவார். எனக்குப் பின்னாடி நின்னவரும் தலைமை ஆசிரியர்தான், நல்ல மனுஷன். நான் சாயற நேரம் பார்த்து அவருக்குப் போன் வந்துடுச்சு. முழங்கையில பாருங்க, தழும்பு இன்னும் இருக்கு. ஆனா பயிற்சி கொடுத்த மேடம் என்ன சொன்னாங்க தெரியுமா? "சார், நீங்க விழுந்தீங்க பாருங்க, அதுதான் முழு நம்பிக்கை. மத்தவங்க எல்லாம் பாதியில திரும்பிப் பார்த்துட்டாங்க." சான்றிதழ்ல எனக்கு மட்டும்தான் 'மிகச் சிறப்பு'. உங்க தலைக்கு மேல மாட்டியிருக்கு, பாருங்க.

வந்ததும் பெற்றோர் கூட்டம் போட்டேன். உங்களால வர முடியலை, கம்பெனி வேன் அந்த நேரத்துல விடாது, தெரியும். மூணு விஷயம் பேசறதா இருந்தேன். ஒண்ணு, நம்பிக்கைன்னா என்ன. ரெண்டு, தெளிவாச் சொல்றதுன்னா என்ன. மூணாவது, நாங்க புதுசா ஆரம்பிக்கப்போற வாசிப்பு முகாம். முதல் ரெண்டுலயே ஒன்றரை மணி நேரம் போயிடுச்சு. சனங்க எழுந்திரிச்சு வேட்டியைத் தட்ட ஆரம்பிச்சுட்டாங்க. அதனால மூணாவதை, "மத்த விவரம் எல்லாம் பிள்ளைங்க வந்து சொல்லுவாங்க"ன்னு முடிச்சுட்டேன். நல்ல கைதட்டல்.

அப்புறம்தான் பெட்டி. வாசல்ல பார்த்திருப்பீங்க, மஞ்சள் பெட்டி. பார்த்திருக்கீங்க, நீங்கதானே லெட்டர் போட்டீங்க. புகார்ப் பெட்டின்னு எழுதினா நல்லா இருக்காதுன்னு 'நம்பிக்கைப் பெட்டி'ன்னு எழுத வெச்சேன். அதை என் அறை வாசல்லயே, என் நாற்காலிக்கு நேரா மாட்டினேன். ஏன்னா யாராவது புகார் போட வந்தா நான் எழுந்து நின்னு வணக்கம் சொல்லலாம் இல்லையா, ஒரு மரியாதை. ஜூலை மாசம் பூரா பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். ஒருத்தர் வரலை. ஒருத்தர் கேட் வரைக்கும் காகிதத்தோட வந்தார், நான் எழுந்து நின்னதும் திரும்பிப் போயிட்டார். அவருக்கு என்ன அவசரமோ.

மாசக் கடைசியில அறிக்கை அனுப்பணும். வந்த புகார் எத்தனை, தீர்த்தது எத்தனை. பூஜ்யம், பூஜ்யம்னு அனுப்பிட்டு நிம்மதியா இருந்தேன். மேல, கல்வி அலுவலகத்துல இருந்து மேடம் போன்.

"சார், உங்க பள்ளியில ஏன் பூஜ்யம்?"

"புகாரே இல்லைங்க மேடம். எல்லாரும் திருப்தியா இருக்காங்க."

"புகார் இல்லைன்னா உங்களை யாரும் நம்பலைன்னு அர்த்தம் சார். பக்கத்துப் பள்ளியில பதினாலு புகார். உங்களை விடப் பதினாலு மடங்கு நம்பிக்கை."

பூஜ்யத்துக்கு எப்படிங்க பதினாலு மடங்குன்னு எட்வின் சார் கேட்டார், அவர் கணக்கு வாத்தியார். அதை அப்புறம் பேசிக்கலாம்னுட்டேன்.

அன்னிக்கு சாயங்காலமே ஆசிரியர் கூட்டம். ஒரு முறைப் பட்டியல் போட்டோம். என்னை விட்டா நாலு ஆசிரியர். ஆளுக்கு வாரம் ரெண்டு புகார், பெற்றோர் எழுதற மாதிரி எழுதிப் பெட்டியில போடணும். வாரத்துக்கு எட்டு. இதைப் பொய்ன்னு சொல்லாதீங்கம்மா. மாதிரி. அறிவியல் கண்காட்சியில பிள்ளைங்க எரிமலை செஞ்சு வைக்கறதில்லையா? அதைப் பார்த்துட்டு யாராவது ஊரைக் காலி பண்றாங்களா? அந்த மாதிரி இது மாதிரிப் புகார். விதியும் வெச்சோம். நிஜப் பிள்ளைங்க பேர் எழுதக்கூடாது. 'உயர்திரு' போட்டு ஆரம்பிக்கணும். வெள்ளைத்தாள்ல எழுதணும். எதுவானாலும் ஏழு நாளுக்குள்ள தீர்வு கண்டு பதிவேட்டுல எழுதணும், அது மேல இருந்து போட்ட விதி.

உங்களுக்குப் பரிமளா டீச்சரைத் தெரியும், மூணாம் வகுப்பு. பதினெட்டு வருஷமா இங்க இருக்காங்க. "சரிங்க சார்", "இல்லைங்க சார்", இது ரெண்டைத் தவிர அவங்க வாயில இருந்து மூணாவது வார்த்தை நான் கேட்டதில்லை. அவங்களுக்கு ரங்கநாயகின்னு ஒரு பெற்றோர் பேர் ஒதுக்கினோம். முதல் வாரமே ரங்கநாயகி என்ன எழுதினாங்க தெரியுமா? 'பெண் ஆசிரியர்களின் கழிப்பறைக்கு நான்கு வருடங்களாகத் தாழ்ப்பாள் இல்லை. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் வெளியே நின்று இருமிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது. தலைமை ஆசிரியருக்கு இது தெரியுமா?'

ஒரு பெற்றோருக்கு இதெல்லாம் எப்படித் தெரிஞ்சதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சேன். அப்புறம்தான் ரங்கநாயகி யாருன்னு ஞாபகம் வந்தது. ஏழு நாள்ல தாழ்ப்பாள் போட்டாச்சு. டீச்சரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏன் டீச்சர், இத்தனை வருஷமா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?" அவங்க "சரிங்க சார்"னாங்க.

அதுக்கப்புறம் ரங்கநாயகியை நிறுத்த முடியலை. குடிதண்ணிக் குழாய் எட்டலைன்னு எழுதினாங்க, கீழ ஒரு திட்டு கட்டினோம். சத்துணவு வரிசை வெயில்ல நிக்குதுன்னு எழுதினாங்க, இடம் மாத்தினோம். பெரிய வகுப்புப் பையன்கள் முன்னாடி சின்னப் பிள்ளைங்களைத் திட்டாதீங்கன்னு எனக்கே எழுதினாங்க. பதிவேட்டுல, 'தலைமை ஆசிரியருக்கு அறிவுரை வழங்கப்பட்டது'ன்னு எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். மேல ரொம்பச் சந்தோஷம். சுதந்திர தினத்தன்னிக்கு 'சிறந்த பெற்றோர்'னு ரங்கநாயகிக்குச் சால்வை போடணும்னு சொல்லிட்டாங்க.

இப்ப ரங்கநாயகிக்கு எங்க போறது? பரிமளா டீச்சரோட நாத்தனாரைக் கூட்டிட்டு வந்தோம். அந்தம்மாவோட பையன் காலேஜ் முடிச்சுட்டான். மேடம் சால்வையைப் போட்டுட்டு, "உங்க பிள்ளை எந்த வகுப்பும்மா?"ன்னு கேட்டுட்டாங்க. அந்தம்மா யோசிக்காம "மெக்கானிக்கல்"னாங்க. நல்லவேளை, பேண்ட் வாத்தியம் ஆரம்பிச்சுடுச்சு.

சிரிக்கறீங்களா? சிரிங்க. சிரிச்சா நல்லதுதான்.

மணி பார்க்காதீங்கம்மா, வந்துட்டேன், உங்க லெட்டருக்கு வந்துட்டேன்.

ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமை. பெட்டியைத் திறக்கறேன். எண்ணிப் பார்த்தா ஒன்பது. எட்டுதான் இருக்கணும். திரும்ப எண்ணறேன், ஒன்பது. ஒண்ணு மட்டும் பனியன் கம்பெனிச் சீட்டோட பின்பக்கத்துல எழுதியிருக்கு. 'உயர்திரு' இல்லை. எடுத்த எடுப்புல, 'என் மகள் கனிஷ்கா ஆறாவது படிக்கிறாள். அவளைக் கொண்டுபோய் மூணாவதில் அவள் தம்பி பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். ஊரில் கேட்கிறார்கள். என் மகள் என்ன தப்பு செய்தாள்?' அவ்வளவுதான். கீழ கையெழுத்துக்கூட இல்லை.

எனக்கு வந்ததே கோவம். பட்டியல்ல இல்லாம ஒரு புகார். நிஜப் பிள்ளை பேர் போட்டு. மூணு விதியையும் மீறி. ஆசிரியர்களைக் கூப்பிட்டு, "யார் இதை எழுதினது?"ன்னேன். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கறாங்க. எட்வின் சார், "ஒருவேளை நிஜமாவே யாராவது பெற்றோர் எழுதியிருந்தா சார்?"னார். நான் சொன்னேன், "சார், நிஜமா எழுதறவங்களா இருந்தா ஜூலை மாசமே எழுதியிருக்க மாட்டாங்களா? நான்தான் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேனே."

நீங்க எப்பம்மா போட்டீங்க? ஓ, நான் சாப்பிடப் போன நேரத்துலயா. அதான்.

அப்புறம் ஒரு கையெழுத்துச் சோதனை வெச்சேன். நாலு ஆசிரியர், சமையல் பண்றவங்க, கூட்டற பழனாத்தா, எல்லாரையும் ஆறாம் வகுப்பு பெஞ்சுல உட்கார வெச்சு, அந்தக் கடைசி வரியைப் பத்துத் தடவை எழுதச் சொன்னேன். 'என் மகள் என்ன தப்பு செய்தாள்? என் மகள் என்ன தப்பு செய்தாள்?' அரை மணி நேரம் பேனா ஓடற சத்தம் மட்டும்தான். பழனாத்தாவுக்கு எழுத வராது, அவங்க வாயால பத்துத் தடவை சொன்னாங்க. ஆறாவது தடவை சொல்லிட்டு நடுவுல நிறுத்தி, "சார், இது யாரோ மனசு நொந்து எழுதினது சார்"னாங்க. "நீங்க சோதனையில கவனம் வைங்க"ன்னேன்.

யார் கையெழுத்தும் பொருந்தலை. பரிமளா டீச்சர் தாளைக் கொடுக்கும்போது என்னமோ சொல்ல வந்தாங்க. "சார், அந்தப் பொண்ணு"ன்னு ஆரம்பிச்சாங்க. நான், "டீச்சர், எதுவா இருந்தாலும் எழுத்து மூலமாப் பெட்டியில போடுங்க"ன்னுட்டேன். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?

அதுக்கப்புறம்தான் அறிவிப்புப் பலகையில அந்த நோட்டீஸை ஒட்டினேன். 'ஒன்பதாவது கடிதம் எழுதியவர் மூன்று நாட்களுக்குள் தலைமை ஆசிரியர் முன் ஆஜராக வேண்டும். தவறினால் கடும் நடவடிக்கை எடுக்கப்படும்.' அது உங்களுக்கு இல்லைம்மா. எங்க ஆசிரியர்களுக்கு. யாரும் ஆஜராகலை. இன்னிக்கு உங்க விண்ணப்பம் வந்திருக்கு, பார்க்கறேன், அதே கையெழுத்து. உடம்பெல்லாம் சிலிர்த்துடுச்சு. நிஜமாவே ஒரு பெற்றோர். எங்க பெட்டிக்கு வந்த முதல் நிஜப் புகார் உங்களோடதும்மா. ஒரு விதத்துல எங்க பள்ளி ஜெயிச்சுடுச்சு. இப்பச் சொல்லுங்க, நாங்க போலின்னு நினைச்சதுல தப்பு இருக்கா?

இருக்குங்கறீங்க.

சரி. உங்க இஷ்டம். இதுக்கு மேல நான் என்ன தெளிவாச் சொல்றது. டி.சி. எழுதிடறேன். எங்க சேர்க்கப்போறீங்க? அவ்வளவு தூரமா? ரெண்டு பஸ் மாறணுமே. அங்க ஆறாவதுல எடுத்துக்கறேன்னு சொன்னாங்களா? எடுத்துக்காம என்ன. சரி, பேர், கனிஷ்கா. தாய் பேர், பூங்கொடி. சரிதானே? பிறந்த தேதி சேர்க்கைப் பதிவேட்டுல இருக்கு. கடைசியாகப் படித்த வகுப்பு, ஆறு.

என்னம்மா?

ஆறுதான். வேற என்ன போடறது? மூணுன்னா? மூணுன்னு எப்படிம்மா போட முடியும், இதோ வருகைப் பதிவேடு, நீங்களே பாருங்க. ஆறாம் வகுப்பு, வரிசை எண் பதினொண்ணு, கனிஷ்கா. யாரும் அவளைக் கீழ இறக்கலை. உட்கார்ந்தது மூணாவது அறையில. அதுதான் வாசிப்பு முகாம். சரளமா வாசிக்க வராத பிள்ளைங்க, மூணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும், நாற்பது நாள் பரிமளா டீச்சர்கிட்ட ஒண்ணா உட்காருவாங்க. எட்டாவது பையன் ஒருத்தன் மீசையோட உட்கார்ந்திருக்கான். நாற்பது நாள் முடிஞ்சதும் அவங்கவங்க வகுப்புக்குத் திரும்பிடுவாங்க. இன்னிக்கு முப்பத்தெட்டாவது நாள்.

ஏன்ம்மா அப்படிப் பார்க்கறீங்க. இது உங்களுக்குத் தெரியாதா?

யாருமே சொல்லலையா?

கூட்டத்துல, இல்லை, கூட்டத்துல மூணாவது விஷயத்துக்கு வரலை. பிள்ளைங்க வந்து சொல்லுவாங்கன்னு சொன்னேன். பிள்ளைங்ககிட்ட யார் சொன்னது? பரிமளா டீச்சர் சொல்லியிருப்பாங்கன்னு நான் இருந்தேன். நான் கூட்டத்துல சொல்லிட்டேன்னு அவங்க இருந்திருப்பாங்க. சுற்றறிக்கை நோட்டுல எல்லாம் இருக்கும்மா, ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கேன், எல்லா ஆசிரியரும் 'பார்த்தேன்'னு கையெழுத்துப் போட்டிருக்காங்க. ஆனா அந்த நோட்டு இந்த அலமாரியை விட்டு வெளிய போகாது.

அப்போ அந்தப் பொண்ணு இத்தனை நாளா, நம்மளைக் கீழ இறக்கிட்டாங்கன்னு நினைச்சுக்கிட்டா தம்பி பக்கத்துல உட்கார்ந்திருந்தது? அதனாலதான் வரமாட்டேன்னு நின்னுடுச்சா?

அதுக்கில்லையா? பின்ன?

நோட்டீஸா? நீங்க பலகைப் பக்கமே வந்ததில்லையே. உங்களுக்கு யார் படிச்சுச் சொன்னது?

கனிஷ்காவா. இருக்காதும்மா. யாராவது படிச்சதைக் கேட்டுட்டு வந்து சொல்லியிருப்பா. தனியா நின்னு படிச்சாளா? எல்லாரும் போனதுக்கப்புறமா? முழுசாவா? 'ஆஜராக வேண்டும்'னு ஒரு வார்த்தை இருக்குமே, அதையுமா? 'கடும் நடவடிக்கை' வரைக்குமா?

அம்மா, ஜூலை மாசம் அந்தப் பொண்ணு ரெண்டெழுத்து வார்த்தையிலயே நின்னுடும். முதல் எழுத்தைச் சொல்லும், அப்புறம் கூரையைப் பார்க்கும். நானே பார்த்திருக்கேன். ஒரு மாசத்துல 'ஆஜராக வேண்டும்' படிச்சிருக்கான்னா, பரிமளா டீச்சர் ஜெயிச்சுட்டாங்க. முகாம் ஜெயிச்சுடுச்சும்மா. இதை நான் இன்னிக்கே மேடத்துக்குப் போன் போட்டு...

இல்லை. இருங்க.

அவ தானா நின்னு முதல்ல படிச்சது அதுவா.

நீங்க பெட்டியில லெட்டர் போட்டது அவளுக்குத் தெரியுமா. அம்மாவைத்தான் தேடறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டாளா. நான் பள்ளிக்கூடம் போகலைன்னா அம்மா யாருன்னு கண்டுபிடிக்க முடியாதுன்னு சொன்னாளா. பதினோரு நாளா வீட்டுக்குள்ளயா. வெளிய விளையாடக்கூட வரலையா.

தண்ணி குடிங்கம்மா. நானும் குடிக்கறேன்.

ஒரு நிமிஷம் இருங்க, ஒரு கடுதாசி எழுதித் தர்றேன். அவளுக்கு. இது சரியா வருதா பாருங்க. 'அன்புள்ள மாணவிக்கு, பொருள்: வாசிப்பு முகாம் தொடர்பாக. மேற்காணும் பொருள் சார்ந்து தங்களுக்குத் தெரிவித்துக்கொள்வது யாதெனில்.' வேண்டாமா? வேண்டாம். கிழிச்சுடறேன். நீங்களே சொல்லுங்க, எப்படி எழுதட்டும்?

சரி. இவ்வளவுதானா?

'கனிஷ்கா, நீ ஆறாம் வகுப்பு. நீ தப்பு செய்யவில்லை. அம்மா எழுதியது சரி. தப்பு என்னுடையது.'

சீல் போடணுமா? போடாம இருந்தா நம்புவாளா? சரி, வேண்டாம்.

இந்தாங்க. இது டி.சி., இதுலயும் கையெழுத்துப் போட்டுட்டேன். ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. ரெண்டையும் அவ முன்னாடி வைங்க. நீங்க படிச்சுக் காட்டாதீங்கம்மா, அவளே படிக்கட்டும். படிச்சுட்டு எது வேணுமோ அவ சொல்லட்டும். கிளம்புங்க, பர்மிஷன் நேரம் தாண்டிடுச்சு. அஞ்சு நிமிஷம்னு சொல்லித்தான் உட்கார வெச்சேன், தெரியும்.

நாளைக்குக் காலையில எட்டரையில இருந்து நான் கேட்டுல நிக்கறேன். எதுவும் பேசமாட்டேன்மா. நிக்கறேன்.